பிச்சை விட்ட பலூன்

ஜொகூர் பாருவில் விமானம் ஓட்டப் பழக்கும் சங்கத்தில் ராஜசேகரன் இயந்திரம் பார்க்கும் ஆள். 1937இல் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை ஒருவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். ஆனால் ஆசைக்கு அளவேது? தன்னை விமானியாகவே பழக்கும்படி கேட்டுவிட்டான். செயலாளர் துரை திங்கட்கிழமை வரச் சொன்னார். கோர்ட்டு வழக்கு ஏதாவது உண்டா என்று கட்டாயம் கேட்பேன், யோசித்துக்கொண்டு வா என்றும் சொல்லியனுப்பினார்.

வழக்கு உண்டு. ஆனால் அது ராஜசேகரன் பெயரில் இல்லை, பிச்சையின் பெயரில் இருந்தது.

இரண்டு பேரும் ஒருவனே. செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் முதல் பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்த கருப்பாயி, இவன் பிறந்ததும் கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாக மடிப்பிச்சை எடுத்து, மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து, பிச்சை என்று பெயரிட்டாள். ராஜசேகரன் என்பது பள்ளிக்கூடத்துக்கு வைத்த பெயர். அதை அவள் மறந்தும் சொன்னதில்லை. எமன் காதில் விழுந்துவிடுமாம்!

அந்தத் தோட்டத்துத் திருவிழாவை நினைத்தாலே அவனுக்கு நெஞ்சு இனிக்கும். தப்புச் சத்தமும், ரப்பர் மரங்களுக்கு நடுவே தீப்பந்த வெளிச்சமும், கூழ் வாசனையும் இனி எங்கே கிடைக்கும்? அப்படியொரு திருவிழாவில்தான், மீசை அரும்பிய வயதில், ஆளுயரக் காகிதப் பலூன் ஒட்டி, அடியில் எண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்தி மேலே விட்டான். லயத்துச் சனமே அண்ணாந்து பார்த்தது.

"என் பிச்சை விட்டதுடி!" என்று கருப்பாயி ஊரைக் கூட்டினாள்.

பொல்லாத காற்று, அதுவரை பொறுத்ததே பெரிது. சட்டென்று திரும்பியது. பலூன் போய், ரப்பர் ஷீட்டு காயும் புகைக்கூடத்தின் அத்தாப்பு ஓலைக் கூரையில் இறங்கியது. கூடமே சாம்பலாயிற்று.

போலீஸ்காரன் பெயர் கேட்டபோதும் கருப்பாயிதான் முந்திக்கொண்டு "பிச்சை" என்றாள். ஆபத்து நேரத்தில் அசல் பெயரைச் சொல்லுவாளா? சிறையிலிருந்து அவன் திரும்பியபோது அவள் இல்லை. காய்ச்சல் அவளையும் கொண்டுபோயிருந்தது. அவன் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தான். இங்கே அவனைப் பிச்சை என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

"ஜெயிலுக்குப் போனது பிச்சைங்க, நீங்க ராஜசேகரன்" என்றாள் மனைவி புஷ்பவள்ளி. "தொர கேட்டா இல்லேன்னு சொல்லிட்டு வாங்க. ஐயோ அலமாக், சும்மா கெடந்த சங்கை யாராச்சும் ஊதிக் கெடுப்பாங்களா?"

அவள் சொன்னதில் பிசகில்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

திங்கட்கிழமை வந்தது. துரை ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகம் பார்த்தவர். தோட்டத்துத் தமிழிலேயே அதட்டினார். "ராஜசேகரன், நீ எப்பவாச்சும் கோர்ட்டுக்குப் போனியா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பிச்சை யாரோ என்றால், அவனுக்காக மடியேந்தி நடந்தவள் யார்? அவளையும் சேர்த்தல்லவா இல்லையென்று சொல்ல வேண்டும்?

"போனேன் தொர. என் வீட்டுப் பேரு பிச்சை. அந்தப் பேருல ஜெயிலுக்கும் போனேன்" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னான்.

துரை புகையிலைச் சுங்கானைக் கடித்தபடி கேட்டார். "பலூன் ஏன் கீழ வந்துச்சு?"

"காத்தைப் பார்க்கல தொர. மேல போறதை மட்டுந்தான் பார்த்தேன்."

"ஒரு வருஷம் ஸ்பானரே பிடி. அப்புறம் வா."

புஷ்பவள்ளி கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வருஷம் முழுக்க மற்றவர்கள் பறக்க, அவன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் துரை சொன்ன சொல் மாறவில்லை.

பழகி முடித்து, தனியாக வடக்கே பறக்க அனுமதி கிடைத்த முதல் நாள், கூலாயைத் தாண்டிச் செடெனாக்குக்கு வந்தான். புகைக்கூடத்துக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். லயத்துச் சனம் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தது. ஊரைக் கூட்ட வேண்டியவள் மட்டும் அதில் இல்லை.

"உன் பிச்சைதான் ஆத்தா!" என்று அவனே கத்தினான். இயந்திர இரைச்சலில் அது அவன் காதுக்கே கேட்கவில்லை.