தலைவர் முகத்தில் மூன்று கோட்டிங்

விருத்தாசலம் செராமிக் பொம்மை உற்பத்தியாளர் சங்கத் தலைவர் ராஜ்மோகன், பஸ் ஸ்டாண்டு எதிரே நின்ற தன்னுடைய ஃபிளெக்ஸைத் தவிர வேறு எதற்கும் பயந்தவரல்லர். ஃபிளெக்ஸில் அவருக்கு முப்பத்தைந்து வயது. இன்றைய சங்க விழாவில் அதே ஃபிளெக்ஸின் கீழே, கலெக்டருக்குப் பக்கத்தில், ஐம்பத்தெட்டு வயது முகத்தோடு நிற்க வேண்டும். ஊரே இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும்.

முகச் சுருக்கத்துக்கென்று ஆன்லைனில் பெப்டைடு சீரமும் ஹையலூரானிக் ஜெல்லும் வரவழைத்திருந்தார். மனைவி மாரியம்மாள் டப்பாவைத் திருப்பிப் படித்தாள்.

"ஈர மூஞ்சியில தடவிட்டு, மேல மாய்ஸ்சரைசரு போடணுமாங்க. சுருக்கம் கொறைய மாசக்கணக்குல ஆவுமாம்."

"ஈரத்துல பூசுனா கிளேஸு மேல்பூச்சு நிக்குமாடி? யாருகிட்ட பாடம் எடுக்கற?"

"அது பொம்மைங்க. இது மூஞ்சி."

தலைவர் முகத்தைத் துளி ஈரமில்லாமல் துடைத்தார். பட்டறைக்குப் போய், இன்னும் சூடு ஆறாத சூளை வாசலில் உட்கார்ந்து சீரமும் ஜெல்லுமாக ஒரு கோட்டிங் கொடுத்தார். காய்ந்ததும் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

தோல் இறுகியது. மகிழ்ந்தார். மேலும் இறுகியது. எரிந்தது. மாரியம்மாளைக் கூப்பிடப் பார்த்தார். வாய் பாதிதான் திறந்தது.

சூளையிலிருந்து எடுத்த பொம்மை ஆறும்போது சில சமயம் மேல்பூச்சு 'டிக்' என்று சத்தமிட்டு விரிசல் விடும். ராஜ்மோகன் மூச்சை அடக்கித் தன் கன்னத்துக்குக் காது கொடுத்தார்.

டிக்.

உடம்பெல்லாம் வியர்த்தது. சத்தம் வந்தது பின்னால் அலமாரியில் ஆறிக்கொண்டிருந்த பிள்ளையாரிடமிருந்து என்று தெரிந்த பிறகும் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

உள்ளே வந்த மேஸ்திரி பச்சமுத்து அவரைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"மொதலாளி, சிரிச்சுடாதீங்க. உதுருது."

கண்ணாடியில், சிவந்த கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகச் செதில். கழுவக் கழுவச் சிவப்புதான் கூடியது.

விழா மேடையருகே கலெக்டர் ஃபிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"தலைவர் வரலைங்களா?"

"வந்துடுவாருங்க... நான் அவரு அண்ணன்."

மரியாதையாக அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள்.

"தலைவரு எங்கம்மா?" என்று மாரியம்மாளிடம் யாரோ கேட்டார்கள். அவள் கடைசி வரிசையை ஒரு முறை பார்த்தாள்.

"சூளையில இருக்காருங்க. இன்னும் வேவல."

பொன்னாடை போர்த்தத் தலைவரை மைக்கில் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார் அண்ணன்.