மயில் லேபிள் போட்ட புத்தகம்

நாரணாபுரத்து நூலகத்தின் நீள மேசையில் யாரும் அடுத்தவரிடம் என்ன புத்தகம் படிக்கிறாய் என்று கேட்பதில்லை. யாரும் தாமாகச் சொல்வதுமில்லை. அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் குரூப் ஃபோர் தேர்வுக்காக மாலைதோறும் வந்து அமரும் ஒன்பது பேருடைய புத்தகங்களுக்கும் அட்டை போடப்பட்டிருக்கும். அச்சகங்களில் வண்ணம் விலகிக் கழிக்கப்பட்ட பட்டாசு லேபிள் தாள்கள்தாம் அந்த அட்டைகள். ஒருவருடையதில் ராக்கெட், மற்றொருவருடையதில் சங்குசக்கரம். பானுப்பிரியாவின் புத்தகத்தில், அச்சு விலகியதால் இரட்டைக் கழுத்து முளைத்த ஒரு மயில்.

சென்ற தேர்வில் பானுப்பிரியா இரண்டே கேள்விகளில் வேலையைத் தவறவிட்டவள். அவளை முந்தியவர்களில் ஒருத்தி, இதே மேசையில் அவளுக்கு எதிரே அமர்ந்திருந்த ஆமத்தூர்க் கற்பகவல்லி. தாலுகா அலுவலகத்தில் பணிக்குச் சேரும் முன் கற்பகவல்லி எல்லோருக்கும் அல்வா கொண்டுவந்தாள். எந்தப் புத்தகத்தைப் படித்தாள் என்று கேட்கப் பானுப்பிரியாவுக்கு வாய்வரை வந்தது. கேட்காமல் அல்வாவை வாங்கிக்கொண்டாள்.

இம்முறை அவளுக்கொரு நம்பிக்கை இருந்தது. பகலில் அவள் வேலை பார்ப்பது சிவகாசியில் ஒரு பைண்டிங் பட்டறையில். தேர்வின் பாடத்திட்டம் மாறிய சில வாரங்களில், வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றின் வழிகாட்டிப் புத்தகம் அங்கே ஆர்டராக வந்தது. மேலட்டை ஒட்டும் பகுதியில் இருந்த அவள், 'புதிய பாடத்திட்டம்' என்ற சிவப்பு எழுத்துகளின் மை விரலில் ஒட்டுமளவுக்கு ஈரமாக அந்த அட்டைகளைக் கையாண்டாள். கோணலாக ஒட்டிக் கழிக்கப்பட்ட ஒரு பிரதியை முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டாள். கடைக்கு வருமுன்பே கையில் கிடைத்த புத்தகத்தைவிடப் புதியது வேறென்ன இருக்க முடியும்?

மயிலால் அதை மறைக்க முடியவில்லை. பைண்டிங்கில் இருப்பவள் எதைப் படிக்கிறாள் என்பதை மேசை முழுவதும் கண்ணால் அளந்தது. புத்தகத்தின் தடிமன், விளிம்பின் நீலச்சாயம் ஆகியவற்றை வைத்தே கண்டுபிடித்து, இரண்டே வாரங்களில் ஐந்து பேர் அதே புத்தகத்தை வாங்கினார்கள். அவர்களில் ஒருவன் அன்பரசன். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவன்; அவள் தெருவைச் சேர்ந்தவன்; இது அவனுக்கு நான்காவது முயற்சி.

வழிகாட்டி நன்றாக விற்றதால் பட்டறைக்கு இரண்டாவது லோடு வந்தது. இம்முறை பானுப்பிரியாவைப் பாரம் அடுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். பதினாறு பக்கங்களாக மடித்த தாள் ஒரு பாரம். இருபத்தெட்டுப் பாரங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு புத்தகம். முதல் பாரம் வெளுப்பாக, மை மணத்தோடு இருந்தது. இரண்டாவதிலிருந்து எல்லாமே ஓரம் பழுத்த தாள்கள். கட்டைப் பிரித்தபோது உள்ளிருந்து விழுந்த சீட்டில் மூன்றாண்டுகளுக்கு முந்தைய தேதி இருந்தது.

மடிப்பு இயந்திரத்தில் நின்ற ஜெயபாண்டியிடம் கேட்டாள். "அண்ணே, இது புதுப் புத்தகந்தானே?"

"புதுசுதான். மேலட்டை முந்தாநேத்துத்தான் ஓடுச்சு."

"உள்ள இருக்கிறது?"

"அது மூணு வருசமா கொடவுன்ல தூங்குது. சட்டைய மாத்திவிட்டா புதுமாப்பிள்ளதானே பிள்ள? ஒனக்கெதுக்கு அம்புட்டு விசாரணை, பொண்ணா குடுக்கப் போற?"

வீட்டுக்குப் போனதும் தன் பிரதியைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டாள். முதல் பாரத்தில் புதிய பாடத்திட்டம் முழுவதும் அச்சாகியிருந்தது. அதற்குப் பின் வந்த பாடங்களோ அதைப் பொருட்படுத்தவே இல்லை. புதிதாகச் சேர்ந்த ஏழு பகுதிகள் புத்தகத்தில் எங்குமே இல்லை. இரண்டு மாதப் படிப்பில் பாதி வீணாகியிருந்தது. தேர்வுக்கு இன்னும் ஐம்பத்தைந்து நாள்.

மறுநாள் அத்தை வீட்டிலிருந்து ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை பள்ளிப் பாடநூல்களை வாங்கி வந்தாள். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் எந்த வகுப்பில் எந்த இயல் என்று ஒரு தாளில் குறித்தாள். விடுபட்ட ஏழு பகுதிகளும் அங்கே இருந்தன. ஒன்பதாம் வகுப்புத் தமிழ் நூலுக்கு அதே மயிலை மாட்டி நூலகத்துக்கு எடுத்துப் போனாள்.

அன்பரசன் பார்த்துவிட்டான். வாசலில் சைக்கிளை எடுக்கும்போது, "என்ன பானு, மயிலு எளச்சுப்போச்சு?" என்றான்.

"டயட்ல இருக்குண்ணே."

"எங்க ராக்கெட்டு, சங்குசக்கரமெல்லாம் கொழுகொழுன்னு இருக்கு. ரெண்டு ரவுண்டு முடிச்சிட்டேன், மூணாவது ஓடுது. இந்தத் தடவ நீயே வந்து சல்யூட் அடிப்ப பாரு."

அவள் சிரித்துவைத்தாள். இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஐந்து பேர் பின்தங்குவதால் தனக்கு வேலை உறுதியாகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சென்ற முறை தன்னை முந்தியவள் இந்த மேசையிலிருந்தே எழுந்து போனாள் என்பதும் அவளுக்கு மறக்கவில்லை. சொல்லாமலிருப்பது பொய்யாகாது, விதியைக் காப்பதுதான். இப்படி நினைத்துக்கொண்டே நான்கு நாள் மயிலுக்குள் தலையைக் கவிழ்த்துப் படித்தாள்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, மேசைக்குப் புதிதாக மாடத்தி வந்தாள். தீப்பெட்டி ஆலையில் பெட்டி அடுக்குபவள். அவள் கையில் அந்த வழிகாட்டி, கடையில் வாங்கிய பளபளப்போடு இருந்தது. யாரும் சொல்லாமலே, எல்லோருடைய நீல விளிம்பையும் பார்த்து வாங்கியிருந்தாள். பையிலிருந்து ஒரு லேபிள் தாளை எடுத்துப் பானுப்பிரியாவிடம் நீட்டினாள்.

"அக்கா, எனக்கு அட்டை போட வராது. நீங்க பைண்டிங்லதானே இருக்கீக, போட்டுத் தாங்களேன்."

பானுப்பிரியா தாளை விரித்தாள்; புத்தகத்தை அதன்மேல் வைத்தாள். ஒரு பக்கத்தை மடித்து நகத்தால் அழுத்தினாள். சிவப்பு எழுத்துகளில் பாதி மறைந்தது. மறுபக்கத்தை மடிக்கக் கை போகவில்லை.

"என்னக்கா?"

பானுப்பிரியா தாளை உருவி மாடத்தியிடமே கொடுத்தாள். பிறகு தன் புத்தகத்திலிருந்து மயிலைக் கழற்றி, எல்லோருக்கும் தெரியும்படி மேசையின் நடுவே தள்ளினாள். இயல்களைக் குறித்த தாளையும் அதன்மேல் வைத்தாள். அன்பரசன் பேனாவைக் கீழே வைத்தான்.

"அன்பண்ணே, எல்லாரும் பாத்துக்கோங்க. நான் படிக்கிறது ஒம்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். என்னையப் பாத்து நீங்க வாங்குனதுல மேலட்டையும் மொதப் பாரமுந்தான் புதுசு, உள்ள அம்புட்டும் பழைய பாடம். பாரம் அடுக்குனது நான்தான், அதான் சொல்றேன்."