காட்டேரி யார் மாதிரி இருக்கிறான்?

படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்கும் வழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ தெரியவில்லை. நிச்சயமாக அவன் ஒரு படமும் வரைந்திருக்க மாட்டான். வரைந்திருந்தால் இப்படி மைக்கைக் கையில் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளத் தோன்றியிருக்காது.

எங்கள் அனிமேஷன் படத்தின் நாயகன் பகலில் பஸ் ஓட்டுவான், ஊருக்கு ஆபத்து என்றால் பறப்பான். வில்லன் ஒரு ரத்தக்காட்டேரி. நாயகனுக்கு ஒரு பெரிய கூட்டமே வேலை செய்தது. காட்டேரி மட்டும் தலை முதல் கால் வரை என் பொறுப்பு.

மற்றவர்களின் காட்டேரிகள் ஊளையிடும், கதவை உடைக்கும். என் காட்டேரி நாகரிகமானவன். ஆட்கள் வேலை முடிந்து பையை எடுத்து மாட்டும் நேரமாகப் பார்த்து வருவான். சத்தமில்லாமல் நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். தோளில் கையை வைத்து, தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பான். அதற்கப்புறம்தான் கடி.

இதில் என் கற்பனை அந்தப் பல் மட்டும்தான். மற்றதெல்லாம் எங்கள் முதலாளி. படத்தின் இயக்குநரும் அவர்தான்.

என் தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பையை மாட்டியபோது, அந்தக் கை என் தோளில் விழுந்தது. காட்டேரியின் அங்கியில் ஒரு மடிப்பு சரியில்லையாம். அந்த மடிப்பைச் சரிசெய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, விடிந்து தாலியும் கட்டி முடிந்திருந்தது. என் தங்கை இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மறுவாரம் நான் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் எல்லார் மேஜையிலும் ஒரு கண்ணாடி இருக்கும். வரைய வேண்டிய முகத்தை முதலில் நாமே செய்து பார்த்துத்தான் வரைவோம். நான் முதலாளியாகத் தலையைச் சாய்த்தேன், முதலாளியாகச் சிரித்தேன், அதையெல்லாம் காட்டேரிக்குக் கொடுத்தேன். வயிற்றெரிச்சலில் வேலை செய்தால் கை எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் படத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தார். ஒரு நாள் பல், ஒரு நாள் நகம். அதனால் பிழைத்தேன். கடைசியில் குரல் கொடுக்க வந்த நடிகர், "எப்படிப் பேசணும்மா?" என்று கேட்டார். புத்தி கெட்டுப்போய் நான் பேசிக் காட்டினேன். அந்த மனுஷன் என்னைவிடப் பிரமாதமாகப் பேசிவிட்டார். படமும் குரலும் சேர்ந்தபோதுதான் கவனித்தேன். திரையில் நின்றது சாட்சாத் முதலாளி. மாற்றுவதற்கு நேரமில்லை, மறுநாள் காலையில் திரையிடல்.

தியேட்டர் வாசலில் முதலாளி என்னைப் பிடித்தார். தோளில் கை.

"காட்டேரி ஜனங்களுக்குப் பிடிச்சிருந்தா ரெண்டாம் பாகமும் உங்களுக்குத்தான். பிடிக்கலேன்னா... உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், வேற இடம் பார்த்துக்கிறது உத்தமம்."

பிடிக்கவில்லை என்றால் வேலை போகும். பிடித்துப்போய், இது யாரென்று அவருக்குப் புரிந்தாலும் வேலை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் சீட்டுக் கிழியப்போகிறது. போதாக்குறைக்கு, "இவங்க என் வீட்டுக்காரம்மா, உங்க பக்கத்துல உட்கார வெச்சுக்கங்க" என்று ஒரு அம்மாளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறேன்.

அக்கம்பக்கத்துக் குடும்பங்களால் அரங்கம் நிறைந்திருந்தது. படம் ஓடியது. நாயகன் பறந்தபோது கொட்டாவி விட்டவர்கள், காட்டேரி தோளில் கை வைத்தபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முதல் கடிக்கே நிமிர்ந்து உட்கார்ந்தவர், கடைசியில் காட்டேரி வெயிலில் கரையும் வரை கண் இமைக்கவில்லை. கட்டிய மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா?

விளக்குப் போட்டார்கள். மைக் கிளம்பியது.

முதலில் ஒரு பல் டாக்டர் எழுந்தார். "அந்த இடத்துல கோரைப்பல் இருந்தா வாயே மூடாதுங்க. தூங்கும்போது எச்சில் ஒழுகும். பார்க்கச் சகிக்காது."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண், "கண்டவன் ரத்தத்தைக் குடிக்கிறானே, ஒரு டெஸ்ட் உண்டா?" என்று நிஜமாகவே கோபப்பட்டார்.

ஒரு தாய், "இனிமே என் பையன் தனியா பாத்ரூம் போக மாட்டான். துணைக்கு யார் வருவீங்க?" என்றார். பையன் நாயகனைக் கூப்பிடலாம் என்றான். "அவன் பஸ் ஓட்டுறான்டா, லேட்டாத்தான் வருவான்" என்றது பின்வரிசை.

இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமிக்கு மைக் எட்டவில்லை, நாற்காலிமேல் ஏறினாள். "காட்டேரி மாமா நல்லவர்தான். சொல்லிட்டுத்தானே கடிக்கிறார்?"

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வங்கிக் குமாஸ்தா வேலையைக் காட்டினார். "சார், இது காட்டேரியே இல்ல. எங்க மேனேஜர்! அதே தோள், அதே கை!"

அரங்கம் அதிர்ந்தது. ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தலைமையாசிரியர் என்றார் ஒருவர். எங்கள் கண்காணிப்பாளர் என்றார் இன்னொருவர். "எங்க குடியிருப்புச் சங்கச் செயலாளர்!" என்று ஒருவர் உற்சாகமாகக் கத்தியபோது, அந்தச் செயலாளர் நாலாவது வரிசையில் உட்கார்ந்து அசடு வழிந்தார்.

மேடையில் முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எனக்கு என்னோட பழைய முதலாளி ஞாபகம்தான் வந்துச்சு. உயிரை எடுப்பார்!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெருமூச்சு விடுவதற்குள் பக்கத்து நாற்காலி காலியானது. அந்த அம்மாள் எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"இந்தக் காட்டேரி யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

செத்தேன். தங்கையும் போய், வேலையும் போய், தெருவில் நிற்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் கணவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு திரும்பி, விரலை நேராக என் மூக்குக்கு நீட்டினார்.

"இதோ, இந்தப் பொண்ணுதான். கண்ணைப் பாருங்க, மூக்கைப் பாருங்க. தன்னையே பார்த்து வரைஞ்சிருக்கு."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. உண்மைதான், கண்ணாடியில் இருந்தது என் முகம்தானே! முதலாளியின் சேஷ்டையை வரைந்த மும்முரத்தில் அது என் மூக்கில் நடப்பதை நான் கவனிக்கவே இல்லை. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. இரட்டைச் சடை ஓடிவந்து, "மாமா இல்ல, அக்காவா?" என்று என் பல்லைப் பார்க்க வேண்டும் என்றாள்.

தப்பித்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம் பொங்கியது. பாடுபட்டுப் பழிவாங்கினால் கடைசியில் காட்டேரி நானா?

முதலாளி என்னை மேடைக்கு அழைத்தார். மைக்கோடு என் பின்னால் வந்து நின்றார். என் தோளில் கையை வைத்தார். தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ரெண்டாம் பாகத்துல உங்களைக் கொஞ்சம் கம்மியா வரைங்க."

அரங்கத்தில் எழுந்த சிரிப்பில் பல் டாக்டர் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தார். செயலாளர்கூடச் சிரித்தார். முதலாளி தன் நகைச்சுவைக்குக் கிடைத்த வரவேற்பைக் குனிந்து ஏற்றுக்கொண்டு, என் காதில், "பார்த்தீங்களா, எனக்கும் கொஞ்சம் நடிப்பு வரும்" என்றார்.

கூட்டம் கலைந்தபிறகு அந்த அம்மாள் படியருகே எனக்காக நின்றிருந்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. முதல் சீன்லயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நான் உன்னைக் கை காட்டலேன்னா, இன்னும் கொஞ்ச நேரத்துல யாராவது அவரைக் காட்டியிருப்பாங்க. உன் வேலை போயிருக்கும்."

"மன்னிச்சுக்கங்கக்கா," என்றேன்.

"எதுக்கு? எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. கடைசியில வெயில்ல அவ்வளவு நேரம் கரைச்சியே, அதுதான் கொஞ்சம் ஜாஸ்தி." முதன்முறையாகச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றது. "ரெண்டாம் பாகத்துல எனக்காக ஒண்ணு செய்வியா?"

"சொல்லுங்கக்கா."

"அந்தக் காட்டேரி யார்கிட்டயாவது ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேக்கணும். அந்த முகம் அப்போ எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லம்மா."

கீழே கார் ஒலிப்பான் ரெண்டு தரம் அடித்தது. வருகிறேன் என்பதுபோல் கையசைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

இரண்டாம் பாகத்தின் வேலை ஆரம்பித்தாயிற்று. பறப்பது, கடிப்பது எல்லாம் முடித்துவிட்டேன். அந்த ஒரு காட்சி மட்டும் வரமாட்டேன் என்கிறது. வரைந்து வரைந்து கிழித்துப் போடுகிறேன், ஒவ்வொன்றும் பொய்யாக இருக்கிறது. அவர் மன்னிப்புக் கேட்டு நானும் பார்த்ததில்லையே. நேற்று பென்சிலை வைத்துவிட்டு என் தங்கைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இன்றைக்கு மறுபடி செய்ய வேண்டும், கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.