சப்பாத்தும் சப்பாத்தோவும்

மூன்று நாளாக ஒடிலியா சிரிக்கவில்லை. அதை முதலில் கவனித்தது பேர்ணடெற்தான்.

கனடாவில், ஸ்காபரோவில், காலில் போடுகிற சப்பாத்துகளைப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை அது. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று இருவரும் ஒன்றரை வருடம் வேலை செய்துவிட்டார்கள். ஒடிலியா எல் சல்வடோர்காரி. பேர்ணடெற்றுக்கு மன்னார், பேசாலை. ஒருத்தியின் பாஷை மற்றவளுக்குத் தெரியாது. இருவரிடமும் இருந்த ஆங்கிலத்தைக் கூட்டினாலும் ஒரு ஆளுக்குக் காணாது.

ஆனாலும் அவர்களுக்குள் கதை ஓய்ந்ததில்லை. வேலைக்கு வந்த இரண்டாம் கிழமை பேர்ணடெற் தன்பாட்டில், "உந்தச் சப்பாத்தை இஞ்சாலை தள்ளு" என்று சொல்ல, ஒடிலியா கண்ணை விரித்து, "சப்பாத்தோ!" என்று கத்தினாள். பிறகு பலகையைத் தட்டி, "மேசா?" என்றாள். "ஓம், மேசை!" என்றாள் பேர்ணடெற். அன்று முழுக்கச் சொல் வேட்டைதான். தின்கிற பாணுக்குப் பான் வந்தது, சமைக்கிற குசினிக்குக் கொசீனா வந்தது. சத்தம் கேட்டு வந்த சுப்பவைசர், "நோ ஸ்பானிஷ் ஹியர்!" என்று பேர்ணடெற்றைத்தான் அதட்டிவிட்டுப் போனான்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிற அருள்நாயகத்துக்கு அது பெரிய பகிடி.

"என்ன பிள்ளை, பேசாலையிலை ஸ்பானிஷோ படிப்பிச்சவை?"

"ஏன் அண்ணை, உங்கடை வீட்டிலை குசினி எண்டு சொல்லிறேல்லையோ?"

"அது போர்த்துக்கேயன் எங்களிட்டை விட்டிட்டுப் போன சாமான். அவன்ரை பாஷையும் உந்தப் பிள்ளையின்ரை பாஷையும் அக்கா தங்கச்சி. அவன் விட்டதை வைச்சு நீ கனடாவிலை கடை போட்டிட்டாய்!"

அப்படிக் கலகலத்த ஒடிலியாதான் இப்போது வாய் திறக்காமல் பெட்டி மடித்தாள். சாப்பாட்டுப் பிறேக்கில் பேர்ணடெற் விடாமல் கேட்டாள். பாதி ஆங்கிலமும் பாதி கையுமாக விஷயம் வெளியே வந்தது.

ஒடிலியாவின் மகள் யனீராவுக்கு ஏழு வயது. மூன்று மாதத்துக்கு முன் பள்ளிக்கூட ரீச்சர் தாயைக் கூப்பிட்டு, பிள்ளை ஆங்கிலத்தில் பிந்துகிறாள், இனி வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையின் நன்மைக்கென்றால் எந்தத் தாய் மறுப்பாள்? ஒடிலியா அன்றோடு ஸ்பானிஷை நிறுத்திவிட்டாள். ஆங்கிலத்தில் அவளிடம் இருந்ததோ சாப்பிடு, குளி, படு. அவ்வளவுதான். திங்கட்கிழமை யனீரா படியில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். தாய் வீட்டுக்குள் இருக்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசியிடம் போய் அழுதிருக்கிறாள்.

பேர்ணடெற் சோற்றுப் பெட்டியை மூடிவைத்தாள். இராமேஸ்வரத்துக்குப் புறப்பட்ட வள்ளத்தில் புருஷனையும் மகனையும் கடலுக்குக் கொடுத்தவள் அவள். ஆளில்லாத வீட்டில் பேச்சில்லாமல் இருப்பது அவளுக்கு விளங்கும். தாயும் இருக்க, பிள்ளையும் இருக்க, ஒரு வீடு வாயடைத்துக் கிடப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஞாயிறு பூசை முடிய, மீன் வைத்த மாலுபாண் ஆறு வாங்கிக்கொண்டு மல்வேர்னில் ஒடிலியாவின் வீட்டுக்கு பஸ் ஏறினாள். ஒடிலியாவின் புருஷன் பிறம்ரனுக்கு வேலைக்குப் போயிருந்தான். ஒடிலியா கோப்பி போட உள்ளே போனதும், பிள்ளை மெல்ல நகர்ந்து வந்து ஆங்கிலத்தில் கேட்டது:

"அம்மாவுக்கு என்னிலை கோவமா? என்னோடை ஒண்டும் கதைக்கிறா இல்லை."

பேர்ணடெற்றுக்கு அதற்குப் பதில் சொல்லும் ஆங்கிலம் இல்லை. "நோ, நோ" என்று தலையைத் தடவினாள். மாலுபாண் பையை முன்னால் வைத்து, "மேசை" என்று பலகையைத் தட்டினாள்.

பிள்ளை நெற்றியைச் சுருக்கியது. "மேசா" என்றது, மிக மெல்ல.

"சப்பாத்து."

"இல்லை! சப்பாத்தோ!" இவ்வளவு பெரிய மனுசிக்கு இதுகூட வாயில் வரவில்லையே என்று யனீராவுக்குச் சிரிப்பு.

"குசினி."

"கொசீனா!" என்று கத்தினாள்.

உள்ளே கோப்பை விழுந்து உடைந்தது. ஈரக் கையோடு ஒடிலியா வாசலில் வந்து நின்றாள். பிள்ளையின் சிரிப்பு அடங்கிவிட்டது. "ஸொறி, மம்மி" என்று தலையைக் குனிந்தாள்.

தாயின் பாஷையைப் பேசியதற்குப் பிள்ளை தாயிடமே மன்னிப்புக் கேட்டது. ஒடிலியாவின் முகம் கோணிற்று. பேர்ணடெற்றைப் பார்த்து, "ரீச்சர்..." என்றாள்.

"ரீச்சர் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கட்டும். உன்ரை பிள்ளையோடை நீ கதையடி!" பேர்ணடெற் தன்னை மறந்து முழுத் தமிழில் சொன்னாள்.

ஒடிலியாவுக்கு ஒரு சொல்லும் தெரிந்திருக்காது. ஆனாலும் தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இழுத்துவைத்து, முழங்காலைத் தொட்டு எதையோ கேட்டாள். பிள்ளை ஒரு சொல் சொன்னாள். பிறகு இரண்டு. இடையில் ஆங்கிலம் விழுந்தது. தாய் அதைத் தள்ளவில்லை. அதற்குப் பிறகு இருவரையும் பிடிக்க முடியவில்லை. எப்படி விழுந்தாள், யார் சிரித்தார்கள், மூன்று மாதக் கதையும் வந்தது போலும். பேர்ணடெற்றுக்கு எதுவும் விளங்கவில்லை. உடைந்த கோப்பையைக் கூட்டி அள்ளிவிட்டு அவளே கோப்பி ஊற்றினாள்.

குடித்து முடிய, ரீச்சருக்கு என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. ஒடிலியா ஸ்பானிஷில் சொல்ல, யனீரா பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் ஆங்கிலத்தில் எழுதினாள்: அம்மா என்னோடு ஸ்பானிஷ் பேசுவா. நான் உங்களோடு இங்கிலீஷ் பேசுவேன்.

'ஸ்பானிஷ்' என்ற சொல்லில் எழுத்து இடறியது. பிள்ளை நிமிர்ந்து தாயைப் பார்த்தாள், பேர்ணடெற்றைப் பார்த்தாள். இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சரி என்று பென்சிலை நாக்கில் தொட்டு, தனக்குத் தெரிந்தபடி எழுதி, கீழே தாயின் பெயரையும் தன் பெயரையும் போட்டாள்.