தெரியாது என்று சொல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு மூன்று பெண்கள் ங்குபானே வீட்டுப் படலுக்கு வெளியே வந்து நின்றார்கள். நடுவில் புயிசிலே, தோளைச் சுற்றிப் போர்வை. இருபுறமும் அவள் அத்தைகள். பெண்ணின் வயிற்றில் பிள்ளை என்று பையன் வீட்டில் சொல்ல வந்தவர்கள், ஊர் வழக்கப்படி, கூப்பிடாமல் உள்ளே நுழையக் கூடாது. பெண் வாயைத் திறக்கவே கூடாது.

மூத்த அத்தை தோபிலே குரல் கொடுத்தாள்.

"ங்குபானே வீட்டாரே! உங்க பையன் எங்க பொண்ணைக் கெடுத்துட்டான்!"

கதவு திறக்கவில்லை. பட்டியில் ஒரு கன்று கத்தி ஓய்ந்தது.

"பேன்ட் மாட்ட இவ்வளவு நேரமா?" என்றாள் இளைய அத்தை. "கழட்ட ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது."

"சும்மா இரு. உள்ள கேக்கும்."

"கேக்கட்டும் அக்கா. எனக்குக் காலு வலிக்குது."

புயிசிலே தரையைப் பார்த்தாள். இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்பார்கள்; பெகானி தெரியாது என்று சொன்னால் போதும். அத்தைகள் வழியெல்லாம் திட்டுவார்கள். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். கலைப்பதற்கு வியாழக்கிழமைக்கு டவுன் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டாள். பத்து வாரம். அது முடிந்தால் ஆசிரியர் பயிற்சியின் கடைசி வருடத்துக்குத் திரும்பிவிடலாம். தெரியும் என்று அவன் சொல்லிவிட்டால் வயிறு இரண்டு வீட்டுக்கும் பொது. அப்புறம் அவள் எங்கே போனாலும் ஒருத்தி கூடவே வருவாள்.

அத்தைகள் உலுக்கியபோது அவன் பெயரைச் சொல்லிவிட்டாள். அன்றே பெகானிக்குப் போன் செய்தாள்.

"தெரியாதுன்னு சொல்லிடு."

அவன் சிரித்தான். "மத்த பொண்ணுங்க தெரியும்னு சொல்லச் சொல்லிக் கால்ல விழுவாங்க. நீ என்னடான்னா..."

"சொல்லுவியா?"

"அதை என்ன பண்ணப் போற?"

சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது.

"என்னைக்கு?"

அதையும் சொன்னாள்.

"சரி," என்றான்.

கதவு திறந்தது. முதலில் அவன் சித்தப்பா வந்தார். பின்னால் அவன் அம்மா. கடைசியாக பெகானி. இஸ்திரி போட்ட சட்டை, துடைத்த ஷூ.

சித்தப்பா கேட்டார். "இந்தப் பொண்ணை உனக்குத் தெரியுமா?"

அவன் அத்தைகளைப் பார்க்கவில்லை. அவளையே நிதானமாகப் பார்த்தான்.

"தெரியும் சித்தப்பா. என்னோடதுதான்."

இளைய அத்தை குலவையிட்டாள். தோபிலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆம்பளைன்னா இவன்," என்றாள். அவன் அம்மா படலைத் திறந்துகொண்டு வந்து போர்வைக்கு மேலேயே புயிசிலேயின் வயிற்றில் கை வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"இனி இது எங்க வீட்டுது. பத்திரமாப் பாத்துக்கணும், என்ன?"

புயிசிலே வாயைத் திறந்தாள். தோபிலே அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

பெகானி படல் வரை நடந்து வந்தான். குரலைத் தாழ்த்தவில்லை.

"வியாழக்கிழமை எங்க போறேன்னு அத்தைங்ககிட்ட நீயே சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?"