ஒரே தாயின் கிருமி

எனக்கும் என் தம்பிக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. ஐம்பது வயதாகியும் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆறு வயது இளையவனான அவனுக்கு ஈரல் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று ஸ்கேன் சொன்னது. ஒரே கிருமி, இவனுக்கு மட்டும் எப்படி? திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று நானே முடிவுகட்டினேன். பள்ளி வேன் ஓட்டுபவன் வேறு. நேராக அவன் மனைவியிடம் போய், "தினம் வாசல்லயே வாயை ஊதிக் காட்டச் சொல்லும்மா. கூச்சம் பார்த்தா குடும்பம் போயிடும்" என்றேன்.

நான்கு மாதம் அவளும் அப்படியே செய்தாள்.

நேற்று அவனோடு டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். அவன் ரத்தம் கொடுக்க எழுந்து போனதும், "இவன் குடியை எப்படி நிறுத்துறது?" என்று மெல்லக் கேட்டேன்.

"யார் குடிக்கிறா? அவர் உடம்புல கிருமியோட மரபணு மாறியிருக்கு. இந்த மாற்றம் இருந்தா ஈரல் சீக்கிரம் கெட வாய்ப்பு அதிகம். மாத்திரை தொடங்கியாச்சு. அண்ணனும் இந்தச் சோதனையைச் செய்யணும், அவர்கிட்டயும் சொல்லுங்கன்னு உங்க தம்பிதான் கேட்டுக்கிட்டார்."

"ரெண்டு பேருக்கும் அம்மாகிட்ட வந்ததுதானே?"

"வரும்போது ஒண்ணுதான். ஆனா அது ஓயாம நகல் எடுத்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு உடம்புலயும் ஒவ்வொரு மாதிரி பிசகும். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"சாவி வெட்டறேன்."

"அப்ப நான் சொல்லவே வேண்டாம்."

வேண்டாம்தான். நகலை வைத்து நகல் வெட்டினால் நாலாவது சாவி பூட்டில் திரும்பாது என்று முப்பது வருடமாக வாடிக்கையாளர்களிடம் சொல்பவன் நான். தலை நிமிராமல் வெளியே வந்தேன்.

சாயங்காலம் அவன் வருவதற்கு முன்பே அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ரெண்டாவது நாளே எனக்குத் தெரியும் மாமா, அவர் குடிக்கலைன்னு."

"அப்புறம் ஏம்மா?"

"நீங்க சொன்னீங்களே."

அவள் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். எனக்கு உட்காரவும் தோன்றவில்லை.

வேன் வந்து நின்றது. தம்பி வழக்கம்போல வாசல் மிதியடியில் நின்று வாயைத் திறந்தான். "வேண்டாங்க, உள்ள வாங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊதச் சொன்னதே நான்தான் என்று அவனிடம் சொன்னேன்.

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"அவ மூஞ்சிக்கு நேரா ஊதணுமேன்னு நாலு மாசமா ஏலக்காய் மென்னே செத்தேண்ணா" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சரி விடு. நீ ரத்தம் கொடுத்தியா?"

"இல்லடா."

"நாளைக்குப் பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு வர்றேன். டிமிக்கி கொடுக்காம ரெடியா இரு."

கடவுள் என்னைத் தண்டித்திருந்தால் தாங்கியிருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

உள்ளே அவன் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் எல்லாவற்றையும் பார்த்தவள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"கண்ணு, பெரியப்பா உங்கப்பா மேல வீண்பழி போட்டுட்டேன்."

பென்சில் நின்றது. "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"நாளைக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாராம்."