ஆளுக்கொரு ஷூ

கோட்டுப் போட்ட மனிதர் ஒருவர் வெள்ளைப் பஞ்சுச் செருப்போடு ரயில் நிலையத்தில் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். மாஸ்டரையும் பார்த்தார்கள். இடுப்புக்கு மேலே கல்யாண மாப்பிள்ளை, கணுக்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரி நோயாளி. கப்பல் அறையில் சும்மா கொடுக்கிற அந்தச் செருப்பு, துறைமுகத்திலிருந்து நிலையம் வரை கல் பாவிய சாலையில் நடந்ததிலேயே அடியெல்லாம் கறுத்துவிட்டது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு பெரிய பெட்டிகளுக்கு நடுவே, பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நின்றுகொண்டிருந்தார்.

செருப்புக்குக் காரணம் அவர் மனைவி. உல்லாசக் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குவதற்கு முந்தின நாள் மாலையே பெட்டிகளில் வண்ணச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். மறுநாள் காலை கரையிலுள்ள பெரிய கூடத்தில் நம் சீட்டின் நிறத்தைத் தேடிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் அவள் கை தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் அடுக்கிவிட்டது. அவர் எழுந்தபோது பெட்டியும் இல்லை, ஷூவும் இல்லை. அவரிடம் இருந்ததே அந்த ஒரு ஜோடிதான். இன்னொன்று வாங்கச் சொல்லி அவள் அலுத்துப்போய்ப் பல காலமாகிறது.

"ஷூவையும் வெச்சுட்டியா?" என்று கேட்டார்.

"வெச்சுட்டேன் போலருக்கு."

"சரி."

அந்தச் 'சரி'தான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பழைய மாஸ்டராக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். கப்பலையே திருப்பச் சொல்லியிருப்பார். இவரோ பஞ்சுச் செருப்பை மாட்டிக்கொண்டு, அத்தனை பேர் சீவிச் சிங்காரித்து வந்திருந்த கடைசி விருந்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அங்கேதான் பேச்சு வந்தது. வெள்ளைத் துணி விரித்த, இரண்டே பேர் உட்காரும் மேஜை. ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, நாளைக்குக் குடை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிற குரலில் அவர் சொன்னார்: "இனிமே தனித்தனியா இருந்துடலாம்னு தோணுது. உனக்கு எப்படி?"

"எனக்கும் அப்படித்தான்," என்றாள். பிறகு உப்புக் குப்பியைக் கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார்.

சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மூன்றாம் மனிதர் யாரும் நடுவில் இல்லை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் போயிற்று. அவர்கள் இருவரும் இருந்தார்களே என்றால், இருந்தார்கள், அவ்வளவுதான். வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கென்று மகள் தன் சேமிப்பை உடைத்து இந்தக் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தாள். கடலைப் பார்த்தாவது பேசுவார்கள் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். இருவரும் கடலைத்தான் பார்த்தார்கள். விருந்து முடிந்து அறைக்கு வரும் வழியில், அவர் வீட்டுக்குப் போவது, அவள் தன் அக்கா வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. அழுகை வரும் என்று அவள் காத்துக்கொண்டே படுத்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு ஒரு ரயில். நகரத்திலிருந்து ஜங்ஷனுக்கு இன்னொரு ரயில். ஜங்ஷனில் அவருக்கு ஒரு வண்டி, அவளுக்கு ஒரு வண்டி. சொன்ன வார்த்தையை யாராவது திரும்ப வாங்கிக்கொள்வதாக இருந்தால் ஜங்ஷனுக்கு முன்னால் வாங்கிக்கொள்ள வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அக்காவுக்கு மாஸ்டரை என்றைக்குமே பிடித்ததில்லை. வாசலையொட்டிய அறையைத் தங்கைக்கென்று ஒழித்து, படுக்கை விரிப்பு மாற்றி மாற்றி வைத்துக் காத்திருக்கிறவள் அவள். அந்த அறைக்குள் ஒருமுறை பெட்டியை வைத்துவிட்டால், தலைகீழாக நின்றாலும் அக்கா திரும்ப அனுப்பமாட்டாள். மாஸ்டர் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

காலையில் கூடத்தில் பெட்டிகள் கைக்கு வந்தபிறகும் அவர் ஷூவைத் தேடவில்லை. முதல் ரயிலில் கப்பலில் வந்தவர்கள் கூட்டம். பெட்டி வைக்கும் தட்டெல்லாம் நிரம்பி, நடைபாதையிலும் பெட்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவர்களுடைய இரண்டும் கதவோரம் நின்றன. ஒவ்வொரு வளைவிலும் அவை உருண்டு வர, மாஸ்டர் காலை நீட்டித் தடுத்துக்கொண்டு வந்தார். யாரும் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

நகர நிலையத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. படிக்கட்டில் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அவர் முன்னால் பிடிக்க, அவள் பின்னால் பிடிக்க, "மெதுவா", "இரு", "கடைசிப் படி", "வெச்சுடு". ஒரு வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்டதிலேயே நீளமான உரையாடல் அதுதான்.

இரண்டாவது ரயிலில் எதிரெதிரே இடம் கிடைத்தது. வண்டி ஓர் ஊருக்குள் வேகமாக நுழைந்தபோது மாஸ்டரின் வலது கால் தரையை லேசாக அழுத்தியது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவர் ஆசிரியர், அதனால்தான் மாஸ்டர். ஆயுசில் பாதியை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் உபரி பிரேக்கை நம்பியே கழித்தவர். சொந்த ஊரில் அவர் பிரேக் பிரசித்தம். போட்டதே தெரியாது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் தாங்களேதான் வண்டியை நிறுத்தினோம் என்று நினைத்து மகிழ்ந்து போவார்கள்.

மகள் போனில் கூப்பிட்டாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அப்பா என்ன பண்றாரு?"

"உக்காந்திருக்காரு."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கப்பல்லேருந்து ஒண்ணுகூட அனுப்பலையே நீ."

மாஸ்டர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்தார். அவளும் சாய்த்தாள். போட்டோவில் பார்த்தால் யார் கண்ணும் பட்டுவிடும், அத்தனை ஒற்றுமை. எடுத்ததும் அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். மகள் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். அவள் அதையும் பார்த்தாள், சன்னலுக்கு வெளியே போன மின்கம்பங்களையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"ஜங்ஷன்ல பெட்டியைத் திறந்து பிரிக்கணும்," என்றாள்.

இதற்கு ஒரு விளக்கம் தேவை. அவள் மருந்துப் புட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகும் சரக்கை ஒரே அட்டைப்பெட்டியில் அனுப்பமாட்டார்கள். எல்லாவற்றிலும் பாதி ஒன்றில், பாதி மற்றதில். ஒன்று உடைந்தாலும் தொலைந்தாலும் மற்றதை வைத்துச் சமாளிக்கலாம். இந்தப் புத்திசாலித்தனத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பயணத்திலும் 'அவர் பெட்டி', 'என் பெட்டி' என்று இருந்ததில்லை. இரண்டிலும் இருவர் உடைகளும் பாதிப் பாதி. எடை சரியாக இருக்க வேண்டும் என்று ஷூவைக்கூட ஒரு பெட்டியின் மூலையில் இடதும் மறு பெட்டியின் மூலையில் வலதும் வைப்பாள். "ஒண்ணு தொலஞ்சா அப்பா நொண்டி அடிக்கணுமா?" என்று மகள் சிறுவயதில் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

மாஸ்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திறக்க வேண்டாமே," என்றார். "அப்படியே ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போவோம். அப்புறமா பாத்துக்கலாம்."

"ஷூ?"

"பரவால்ல."

"ஆளுக்கொரு ஷூவை வெச்சுக்கிட்டு என்ன செய்றது? வேலைக்கு இதையா போட்டுட்டுப் போவீங்க?"

அவர் பஞ்சுச் செருப்புக்குள் கால் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார்.

ஜங்ஷன் காத்திருப்பு அறையில் நீளமான இரும்பு பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது. அவள் இரண்டு பெட்டிகளையும் அதன்மேல் திறந்து வைத்து, கோட்டின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கினாள். அவள் வேலை செய்யும்போது பார்க்க வேண்டும், அப்படி ஒரு நறுவிசு. அவருடைய சட்டைகள் இடப்பக்கம், அவளுடையவை வலப்பக்கம். காலுறை, கம்பளிச் சட்டை, சவர சாமான், சீப்பு. ஒரு கை எடுக்க மறு கை வைத்தது. மனம் எங்கோ வெளியில் நின்றுகொண்டு யாரோ ஒருத்தி பெட்டி அடுக்குவதை வேடிக்கை பார்த்தது.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பான் கோலின் மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "பெட்டி மாறிப்போச்சாம்மா?"

"இல்லீங்க. பிரிச்சு வைக்கிறோம்."

"ஆமா, சேர்த்து வெச்சா பாரம் தூக்க முடியாது," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வரிசைக்குப் போனாள்.

ஒற்றையாக இருந்தவைதான் இடக்குப் பண்ணின. குடை ஒன்று. போன் சார்ஜர் ஒன்று. காலை, மாலை என்று குழி குழியாக இருக்கும் மாத்திரை டப்பா ஒன்று. மேல்வரிசை அவருடையது, கீழ்வரிசை அவளுடையது.

"குடையை நீங்க வெச்சுக்குங்க."

"நீ வெச்சுக்க. உங்க அக்கா ஊர்ல மழை."

"அக்காகிட்ட இருக்கும்."

"சரி, குடு."

தன் மாத்திரைகளை அவள் ஒரு காகிதத்தில் தனியாக மடித்து, டப்பாவை அவரிடம் கொடுத்தாள். அவர் மறந்துவிடுவார், அவருக்கு டப்பா வேண்டும். கடைசியில் ஷூ. ஒரு மூலையிலிருந்து இடதை எடுத்தாள், மறு மூலையிலிருந்து வலதை எடுத்தாள். உள்ளே திணித்த காலுறைகளை உருவினாள். அவருக்கு முதுகு வளையாது என்று, யோசிக்காமலேயே குனிந்து மாட்டிவிட்டு நாடாவையும் கட்டினாள். அவள் உச்சந்தலைக்கு மேலே அவர் மூச்சு கேட்டது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"அந்தச் செருப்பைக் குப்பையில போட்டுடு," என்றார்.

அவர் வண்டி முதலில் வந்தது. ஷூ போட்டதும் நடையே மாறி, டக் டக்கென்று போய் ஏறினார். கதவில் நின்று கையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். வண்டி போனபிறகும் தூக்கிய கை தூக்கியபடி இருந்ததை அவளே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

அவளுடைய வண்டியில் கூட்டமில்லை. பெட்டியைத் தட்டில் ஏற்றியபோது கை ஏமாந்தது. கனமும் பருமனுமாக இருந்ததெல்லாம் அவருடைய சாமான்தான் போலிருக்கிறது, பழைய எடையில் பாதிகூட இல்லை. வண்டி நகர்ந்ததும் உள்ளே ஏதோ இடித்தது. வளைவு வந்தால் ஒரு பக்கம், நின்றால் மறுபக்கம், லொடக் லொடக்கென்று. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. பேக்கிங் பிரிவில் ஆயுசைக் கழித்தவளுக்கு அது காதில் ஆணி அடிப்பது போலிருந்தது. புட்டி உடைவது பாரத்தால் இல்லை, காலி இடத்தால். வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். எதையாவது வைத்து அடை, ஆடவிடாதே.

பெட்டியை இறக்கித் திறந்தாள். அவர் சட்டைகள் இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. அடைக்க என்ன இருக்கிறது என்று கைப்பைக்குள் துழாவினாள். மெத்தென்று ஏதோ தட்டுப்பட, எடுத்துப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மூடப்போகும்போதுதான் அது என்னவென்று பார்த்தாள். அடி கறுத்த பஞ்சுச் செருப்பு. குப்பைத் தொட்டிவரை போனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. போட்டதுதான் ஞாபகம் இல்லை.

திறக்க வேண்டாமே, என்றாரே.

அப்படியே எடுத்துக்கொண்டு போயிருந்தால் பாதிச் சட்டை இங்கே, பாதிச் சட்டை அங்கே. இடது ஷூ இங்கே, வலது ஷூ அங்கே. யாராவது ஒருவர் மற்றவரைத் தேடி வந்தே தீர வேண்டும். ஒற்றை ஷூவோடு ஒரு மனிதர் எத்தனை நாள் இருக்க முடியும்? அவர் பிரேக்கைப் போட்டிருக்கிறார். வழக்கம்போல, போட்டதே தெரியாமல் போட்டிருக்கிறார். அவளோ கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு கைக்குட்டை விடாமல் பிரித்துக் கொடுத்து, நாடாவையும் கட்டி அனுப்பிவைத்திருக்கிறாள்.

இப்போது வலித்தது. ஊசியின் மரப்பு விட்டுப்போன வாய் போல, ஒரு மூலையில் தொடங்கி முழுக்க வலித்தது. எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் நாகரிகமாகச் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். அவள் மூக்கைச் சிந்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஏங்க, உங்க பொருள் ஒண்ணு எங்கிட்ட வந்துடுச்சு."

"என்ன பொருள்? எல்லாம் சரியா இருக்கே. நீ அடுக்கின பெட்டியில தப்பு வராதே."

"வந்துடுச்சு," என்றாள்.

அவர் பக்கத்தில் ரயில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ ஊர் வந்து அது மெல்லத் தேய்ந்து நின்றது. கதவு திறக்கும் ஒலியும், யாரோ "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்வதும் கேட்டன. அதற்குப் பிறகுதான் மாஸ்டர் பேசினார்.

"உங்க அக்கா ஊருக்கு இங்கேருந்து எத்தனை ரயில் மாறணும்?"